ஒரு பந்தி, ஒரு பார்வை

அம்மா,

சனிக்கிழமை மத்தியானம் உங்கள் கம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அப்போதுதான் நிறுத்தியிருந்ததால் உள்ளே சூடு இருந்தது. உள்ளேயிருந்து வந்த வாசம் உங்களுக்குத் தெரியும். கனநாள் எடுக்காத அயன்பெட்டியைப் பள்ளிக்கூடச் சட்டையில் வைத்தால் முதலில் ஒரு வாசம் வருமே, சூடேறிய தூசியின் வாசம், அதுதான். அந்த வாசத்தோடு எப்போதும் உங்கள் குரலும் வரும். அந்தப் பழக்கத்தில் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். கதிரையில் சின்னம்மாவின் கைப்பை இருந்தது.

நீங்கள் போன பிறகு கல்யாண வீடியோ வேலையைச் சின்னம்மாதான் செய்கிறா. முன்பு அவ படம் பிடிப்பா, நீங்கள் வெட்டி ஒட்டுவீர்கள். இப்போது இரண்டும் அவவின் தலையில். கிழமையில் சில நாட்கள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து உங்கள் மேசையில் இருப்பா. உங்கள் கதிரையின் உயரத்தை மட்டும் அவ மாற்றவில்லை. கால் நிலத்தில் முட்டாமல் தொங்கிக்கொண்டு வேலை செய்வா. நான் ஒருநாள் அதைக் குறைத்துவிடப் போனபோது, "விடு, அக்காட அளவு அது" என்றா.

போன கிழமை, தேவாலயத்தில் பிள்ளைகள் முதல்நன்மை வாங்குகிற ஒரு வீடியோவில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பச்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. சின்னம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. அந்தப் பச்சையை எனக்கு முன்பே தெரியும்.

"அக்கா இதுக்கு ஏதோ ஸ்பீட் கூட்டி வச்சிருக்கிறா எண்டு சொன்னாதானே," என்றா சின்னம்மா. "எல்லாத்தையும் கொம்பனி வச்ச மாதிரியே வச்சு விடு. எனக்கு அடுத்த மாதம் ரெண்டு கல்யாணம் இருக்கு. இதில புள்ளி வந்தா நான் ஆருக்கு முகம் குடுக்கிறது?"

"அம்மா வச்ச ஸ்பீட் நம்பர் சின்னம்மா அது."

"தெரியும். நான் அழி எண்டு ஆசையிலயா சொல்றன்?"

"முதல்ல சோதிச்சுப் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் இந்த மடலில் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

கம்பியூட்டருக்குள் படங்களைக் கையாளுகிற அந்தக் கிராபிக்ஸ் கார்டை நாம் பம்பலப்பிட்டியில் வாங்கிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். மின்வெட்டுக் காலம். பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. புதுக் கார்ட் ஒன்றும் நாட்டுக்குள் வரவில்லை. இருந்தவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். கடைக்கார நானா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்து வைத்தார்.

"மிஸ், பொய் சொல்ல மாட்டேன். இது இன்டர்நெட் காசு, கொயின் தோண்டின கார்ட். ராப்பகலா ஓடினது."

"அப்ப களைச்சுப் போயிருக்கும்."

"களைச்சதுதான். ஆனா வேலை செய்யப் பழகினது," என்றார் நானா. "சும்மா கிடந்ததைவிட இது நல்லம்."

நீங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தீர்கள். மீன் வாங்குகிற மாதிரி. நானாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அதை உங்கள் மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தீர்கள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி "குழந்தையா?" என்று சிங்களத்தில் கேட்டா. நீங்கள் "ஓம்" என்று தலையை ஆட்டினீர்கள்.

ஏன் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். கொம்பனி செய்து தந்த வேகம் போதாதா என்று. நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த மின்வெட்டு நேர அட்டவணையைக் காட்டினீர்கள். வெட்டி ஒட்டிய கல்யாணத்தை முழு வீடியோவாக மெசின் வெளியே தருவதற்குப் பல மணித்தியாலம் எடுக்கும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. கரண்ட் இருக்கிற இடைவெளிக்குள் அந்தக் கல்யாணம் முடிந்து வெளியே வந்துவிட வேண்டும். "கொம்பனிக்குத் தெரியுமா மகள், கொட்டாஞ்சேனையில எப்ப லைட் போகும் எண்டு?" என்றீர்கள்.

அப்படித்தான் நம் வீட்டில் சோதனை தொடங்கியது. வேகத்தை ஒரு படி கூட்டுவீர்கள். பிறகு கார்டை வதைக்கவென்றே செய்த ஒரு நிரலை ஓட விடுவீர்கள். திரையில் மயிர் முளைத்த வளையம் ஒன்று நடுவில் ஓட்டையோடு சுழலும். முதல் நாளே நான் அதற்கு மயிர் வடை என்று பெயர் வைத்துவிட்டேன். பிறகு நம் வீட்டில் யாரும் அதை வேறு பெயரால் சொல்லவில்லை. அப்பா கந்தோரிலிருந்து போன் பண்ணினால்கூட, "என்ன, வடை வேகுதா?" என்றுதான் கேட்பார்.

சோதனைக்கு நீங்கள் வைத்த முறை வேறு யார் வீட்டிலும் இருந்திருக்காது. யன்னல்கள் எல்லாம் பூட்ட வேண்டும். மேலே சுழலும் விசிறியை நிற்பாட்ட வேண்டும். கூரைத் தகடு காய்ந்து தகிக்கிற மத்தியானம்தான் நேரம். நான் அழுவாரைப் போலக் கேட்டேன், காலையில் குளிராக இருக்கும்போது செய்தால் என்ன என்று.

"குளிருக்குள்ள எல்லாம் பாஸ் பண்ணும்," என்றீர்கள். "வேலை செய்யிற வெக்கையில நிண்டு காட்டட்டும். அதுதான் சோதினை."

நான் நூலகப் புத்தகத்தோடு பக்கத்துக் கதிரையில் இருப்பேன். என் வேலை திரையைப் பார்ப்பது. கார்ட் தாங்க முடியாமல் போகும்போது முதலில் நின்றுவிடாது; முதலில் பிழை விடும். வடையின் மயிரில் இல்லாத இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மின்னி மறையும். அதைப் பிடிக்க வேண்டும். புத்தகத்தையும் விட முடியாது, திரையையும் விட முடியாது என்று நான் முழித்தபோது நீங்கள்தான் வழி சொன்னீர்கள். "ஒரு பந்தி வாசி. ஒரு தரம் நிமிர்ந்து பார். பிறகு அடுத்த பந்தி."

ஒரு பந்தி, ஒரு பார்வை. நீளமான பந்திகள் எழுதுகிற ஆட்களின் புத்தகங்களைச் சோதனை நாட்களில் எடுக்கக்கூடாது என்று தடையும் போட்டீர்கள். நேரத்தைக்கூட நாம் மணிக்கூட்டில் அளக்கவில்லை. ஒரு அத்தியாயம் தாங்கினால் பரவாயில்லை. மூன்று அத்தியாயம் தாங்கினால் நம்பலாம். குசினியிலிருந்து உங்கள் குரல் வரும்.

"மகள், புள்ளி வந்ததா?"

"இல்லை."

"கதையில என்ன நடக்குது?"

"கப்பல் கரை தட்டிட்டுது. கப்பித்தானைக் காணேல்ல."

"வடையைப் பார். கப்பித்தான் வருவான்."

எனக்கு வேர்த்து முழங்கை பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலக மிஸ் அலை விழுந்த தாள்களைத் தடவிப் பார்த்து, "பாத்றூமுக்குள்ள வச்சா வாசிக்கிறீர்?" என்று கேட்டா. அப்பா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போவார். "அம்மாவும் மகளும் இடியப்பம் மாதிரி அவிஞ்சு கிடக்கிறீங்க. சொதி மட்டும்தான் இல்லை."

ஒரு நாள் நீங்கள் கூட்டிக் கூட்டிப் போய், திரை முழுதும் கறுத்து, மெசின் உறைந்துவிட்டது. நான் பயந்துபோனேன். உங்களுக்கோ சந்தோசம். "இதுதான் அதின்ர கடைசி," என்றீர்கள். பிறகு ஒரு படி கீழே இறக்கிச் சோதித்தீர்கள். அது மூன்று அத்தியாயமும் தாங்கியது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஆனால் நீங்கள் அதிலிருந்தும் இரண்டு படி இறக்கி, அந்த நம்பரைத்தான் வேகம் கூட்டுகிற நிரலின் முதலாம் இலக்கப் பெட்டியில் சேமித்தீர்கள்.

"அதுதான் பாஸ் பண்ணிட்டுதே அம்மா."

"பாஸ் பண்ணின இடத்தில நிக்கக்கூடாது. அது பாவம், மூச்சு விட இடம் வேணும்."

அப்போது எனக்கு அது கார்டைப் பற்றிய கதையாகத்தான் இருந்தது.

உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். கிளினிக்குக்குப் போவீர்கள், ரிப்போர்ட் துண்டைக் கொண்டுவந்து காட்டுவீர்கள், எல்லாம் நல்லாய் இருக்கும். ஆனால் கிளினிக்குக்கு முந்தின சில நாட்கள் மட்டும் சோற்றைத் தொட மாட்டீர்கள். பாகற்காயும் பயறும் மட்டும். பிளேன்டீக்குக் கருப்பட்டித் துண்டுகூட இல்லை. திரும்பி வந்த பின்னேரம் மரியன் வீதி பேக்கரியில் வாங்கிய பணிஸ் ஒன்றை எனக்குப் பாதி தந்து, பாதியைச் சாப்பிட்டபடி, "பாஸ்" என்று சிரிப்பீர்கள். கல்யாண மாதங்களில் நித்திரையும் இல்லை. மெசினை வெக்கைக்குள் வைத்துச் சோதித்த நீங்கள், உங்களை மட்டும் குளிருக்குள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை அம்மா. ஒரு காலம் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

ஒரு கல்யாண வீடியோவை நான் மறக்க மாட்டேன். புதுசாய் வந்த வீடியோ நிரலுக்காக நீங்கள் நம்பரை ஒரு படி ஏற்றியிருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியால் தனியாக இருந்து சோதித்தீர்கள். நான் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "சுத்தமா ஓடினது மகள், ஒரு புள்ளி இல்லை" என்றீர்கள். இரண்டு நாளில் வீடியோவும் வந்துவிட்டது. அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு இருத்திப் போட்டுக் காட்டினீர்கள். மாதா கோயில் வாசல். மணமகள் காரிலிருந்து இறங்குகிறாள். நீண்ட வெள்ளை முக்காடு படியில் இழுபடுகிறது.

அப்பாதான் முதலில் சொன்னார். பகிடி என்று நினைத்துச் சொன்னார். "என்னப்பா இது, முக்காடெல்லாம் பச்சை பச்சையா? கிளி எச்சம் போட்ட மாதிரி."

"எங்க?"

"இந்தா. இந்தா. இங்கயும்."

நீங்கள் எழும்பிப்போய்த் திரைக்குக் கிட்டக் குனிந்தீர்கள். மூக்கு முட்டுகிற அளவுக்கு.

"சும்மா பகிடி விடாதீங்க," என்றீர்கள் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "மகள், இருக்கா?"

வெள்ளை முழுதும் இருந்தது. மணமகள் நடக்க நடக்க மின்னிக்கொண்டு இருந்தது.

"இருக்கு அம்மா."

நீங்கள் கதிரையில் இருந்தீர்கள். வீடியோ தன்பாட்டில் ஓடியது. பாட்டுக்காரர் பாடி முடிக்கும் மட்டும் ஒருவரும் அதை நிற்பாட்டவில்லை. அப்பா மெல்லக் கேட்டார், "எவ்வளவு நாளாத் தெரியேல்ல?"

"மங்கல்தான். களைப்பாக்கும் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் எனக்குக் குசினி ஞாபகம் வந்தது. சோதனை நேரம் எல்லாம் உங்களுக்குக் குசினியில் வேலை இருந்தது. சமையல் முடிந்த பிறகும் வேலை இருந்தது. நான் திரையைக் காவல் காக்கிறேன் என்று பெருமையாக இருந்தேன். உண்மையில் நான் உங்கள் கண்ணாக இருந்திருக்கிறேன்.

பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. சீனியால் கண்ணுக்குள் பின்பக்கத்தில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் கண் டொக்டர். கண்ணைப் பார்த்தவர் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொன்னார். இந்தமுறை சோற்றைக் குறைத்துவிட்டுப் போவதற்கு நேரம் இருக்கவில்லை. அந்தத் துண்டைப் பார்த்து நீங்கள் சிரிக்கவும் இல்லை. அந்தக் கல்யாணத்தை மட்டும், நம்பரை இறக்கி, என்னைப் பக்கத்தில் இருத்தி, மெசினிலிருந்து முழுதாகத் திரும்ப எடுத்துக் கொடுத்தீர்கள். முக்காடு சுத்தமாக இருந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன். நீங்கள் வேறு ஒன்றும் பார்க்காமல், "அப்ப குடுக்கலாம்" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நீங்கள் படுத்திருக்கும்போது, பார்வையாளர் நேரத்தில் நான் அந்தக் கப்பித்தான் புத்தகத்தோடு வருவேன். இப்போது உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் யோசிக்காமலே ஒரு பந்தி வாசித்துவிட்டு நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பேன். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு அடுத்த பந்தி. ஒருநாள் பந்தி முடிவில் நான் நிறுத்திய இடத்தில் கண்ணை மூடியபடியே கேட்டீர்கள்.

"என்ன, புள்ளி பாக்கிறியா?"

"ஓம்."

"இருக்கா?"

உங்கள் கையில் ஊசி குத்திய இடங்கள் எல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருந்தன.

"இல்லை அம்மா."

"அப்ப வாசி."

கதையில் அந்தக் கப்பித்தான் ஊர் திரும்புகிற இடம் வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். மிச்சத்தை நான் அப்போது வாசிக்கவில்லை. அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலக மிஸ் தாமதத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாளையும் தடவிப் பார்க்கவில்லை.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதலில் தூசியை எடுத்தேன், உங்கள் பழைய பவுடர் பிரஷ்ஷால். கார்டின் சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்தேன், நீங்கள் வைக்கிற அளவு, ஒரு பயறளவு. நானாவுக்குப் போன் பண்ணிக் கேட்டபோது அவர், "கார்டுக்கும் வயசு போகும் தங்கச்சி. அம்மா வச்ச வேகத்தை இப்ப அது தாங்காது. கவலைப்படாதீங்க, அது பிழை இல்லை" என்றார். நான் போனை வைத்துவிட்டு யன்னல்களைப் பூட்டினேன். விசிறியை நிற்பாட்டினேன். சின்னம்மா வாசலில் நின்று பார்த்தா.

"உனக்கென்ன பைத்தியமா? வெளியில நெருப்பு மாதிரி வெயில்."

"அதுக்குத்தான் சின்னம்மா."

அவ தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தா. நான் நூலகத்திலிருந்து கப்பித்தான் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வந்திருந்தேன். அதே பிரதி. அலை விழுந்த தாள்கள்.

முதலில் உங்கள் நம்பரில் ஓட விட்டேன். முதல் பந்தியிலேயே புள்ளி வந்துவிட்டது. பார்க்கவே தேவையில்லாத அளவுக்கு வந்தது. ஒரு படி இறக்கினேன். இரண்டு பக்கம் தாங்கிப் பிறகு ஒன்று மின்னியது. திரும்ப இறக்கினேன். ஒவ்வொரு படிக்கும் என் கை மவுஸில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. உங்கள் நம்பரிலிருந்து தூரப் போகப் போக, நீங்கள் இருந்த அறையை விட்டு நான் பின்பக்கமாக நடந்து வெளியேறுகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு இடத்தில் அது மூன்று அத்தியாயமும் தாங்கியது. வடை சுத்தமாகச் சுழன்றது. சின்னம்மாவின் ரவிக்கை முழுதும் நனைந்திருந்தது. அவ போகவில்லை.

"சரிதானே, நிற்பாட்டு" என்றா.

"இன்னும் ரெண்டு படி கீழ வைக்கவேணும்."

"அதுதான் பாஸ் பண்ணிட்டுதே."

நான் அவவுக்கு என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு படி இறக்கினேன். கொம்பனி வைத்த வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதை இரண்டாம் இலக்கப் பெட்டியில் சேமித்தேன். முதலாம் பெட்டியில் உங்கள் நம்பர் அப்படியே இருக்கிறது. அதை அழிக்கவில்லை. அதில் இனி ஓட விடவும் மாட்டேன். சின்னம்மாவின் இரண்டு கல்யாணமும் இரண்டாம் பெட்டியில்தான் நடக்கும். கொஞ்சம் மெதுவாக நடக்கும். இப்போது கரண்ட் போவதில்லை அம்மா, அவசரமும் இல்லை. சின்னம்மாவுக்கும் சீனி இருக்கிறதுதானே, அவவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது முந்தின நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி. அவ என்னைப் பார்த்த பார்வையில் இருந்து, அவவும் உங்கள் வழியில்தான் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தா என்று தெரிந்தது. நானும் கூட வருவதாகச் சொன்னேன்.

சேமித்த நம்பரைக் கடைசியாக ஒருமுறை ஓட விட்டேன். சின்னம்மா முகம் கழுவக் குசினிக்குப் போயிருந்தா. பைப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கப்பித்தான் ஊர் திரும்புகிற அத்தியாயம். ஒரு பந்தி வாசித்தேன், நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பந்தி, ஒரு பார்வை. அவன் கரையில் இறங்கினான். அவனை அடையாளம் தெரிந்த ஒருவர் கரையில் இருந்தார். முழங்கை தாளில் ஒட்டியிருந்தது. அத்தியாயம் முடிந்ததும், யாரும் கேட்காமலே, குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்.

"புள்ளி இல்லை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. இந்த முறை உண்மையாகவே இல்லை அம்மா.